ஒற்றைச் சிலிண்டர் புராணம்

டூயல் ஸ்போர்ட் என்றதும் இரண்டு எஞ்சின், இரண்டு சைலன்சர் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விஷயம் ரொம்பச் சின்னது. வண்டி தார் ரோட்டிலும் ஓட வேண்டும், தார் ரோடு முடிந்த பிறகும் ஓட வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் என்று சட்டம் கேட்பதெல்லாம் இருக்கும். அதே வண்டியை அப்படியே ஆற்று மணலில் இறக்கினாலும் முறைத்துக்கொள்ளாது. அவ்வளவுதான்.

இந்த ரகத்தில், பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் வைத்த பழைய வண்டிகளுக்கு உலகம் முழுக்க ஒரு பக்தர் கூட்டமே உண்டு. யமஹா எக்ஸ்டி 500, ஹோண்டா எக்ஸ்எல், கவாஸாகி கேஎல்ஆர் 650, சுஸுகி டிஆர் 650 என்று அவர்களுக்குக் குலதெய்வங்கள் பல. முப்பது நாற்பது வயதான வண்டியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டி, ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். புது வண்டி வாங்கக் காசு இல்லாமல் இல்லை. இதுதான் வேண்டும் என்பார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எளிமை."

எனக்கு இந்த 'எளிமை' மேல் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நான் படிப்பது மெக்கானிக்கல். எங்கள் வாத்தியார்கள் எளிய வடிவமைப்பை ஏதோ முனிவர்கள் தவமிருந்து கண்டுபிடித்தது போலச் சொல்வார்கள். இந்த வண்டிகளின் வரலாற்றைப் படித்தால் அப்படி எந்த முனிவரும் தென்படவில்லை. ஒரு அமெரிக்கப் பாலைவனம், ஒரு மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம், வழி தவறிப்போன ஒரு பிரெஞ்சுக்காரர், காசைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சில கம்பெனிகள்... இவர்கள் எல்லோரும் தெரிந்தும் தெரியாமலும் சேர்ந்து செய்த வேலை இது. கதை கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் எல்லா மோட்டார் சைக்கிளும் டூயல் ஸ்போர்ட்தான், ஏனென்றால் தார் ரோடே அபூர்வம். 'மோட்டார் சைக்கிள் டைரி' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1952-ல் சே குவேராவும் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பியது 1939-ஆம் வருஷத்து நார்ட்டன் 500-ல். அதுவும் ஒற்றைச் சிலிண்டர்தான். அதை யாரும் மலைக்கும் மண்ணுக்கும் என்று செய்யவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு போனார்கள், பாவம் அது சிலியோடு உயிரை விட்டது. மீதி தென் அமெரிக்காவை அவர்கள் லாரியிலும் படகிலும் நடந்தும்தான் பார்த்தார்கள்.

சாலைகள் நன்றாக ஆக ஆக வண்டிகள் தாழ்ந்தன, நீண்டன, வேகமாயின. மண் பாதைக்கு ஏற்ற வண்டி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். அந்தத் தேவை முதலில் பெரிதாகத் தெரிந்த இடம் அமெரிக்காவின் தென்மேற்கு மூலை. கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனம் பக்கத்திலேயே இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, வார இறுதியில் லீவும் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் அங்கிருந்தவர்கள் ட்ரயம்ஃப் மாதிரி பிரிட்டிஷ் வண்டிகளை வாங்கி, மட்கார்டை வெட்டி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, பெரிய டயர் மாட்டி மணலில் ஓட்டினார்கள். 'டெசர்ட் ஸ்லெட்' என்று பெயர். நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்கு இது பைத்தியம். பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் வண்டிகள், நல்ல கனம். மணலில் படுத்துவிட்டால் தூக்கி நிறுத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

ஹோண்டா இதைக் கவனித்தது. 1962-ல் சிஎல் 72 என்ற 250 சிசி ஸ்கிராம்ப்ளரை அமெரிக்காவில் விற்க ஒரு விளம்பரம் தேவைப்பட்டது. டேவ் எக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்று இருவரை மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஓட்டச் சொன்னார்கள். சுமார் 1,500 கிலோமீட்டர், பெரும்பகுதி பாதையே கிடையாது. எக்கின்ஸ் 40 மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் குறைவாகப் போய்ச் சேர்ந்தார். புறப்பட்ட ஊரிலிருந்தும் சேர்ந்த ஊரிலிருந்தும் தந்தி அடித்துத்தான் நேரத்தை நிரூபித்தார்கள். இந்த ஓட்டம் கொடுத்த ஆசையில்தான் 1967-ல் அதே தீபகற்பத்தில் பந்தயமே தொடங்கியது. இன்று பாஹா 1000 என்று சொல்கிறோமே, அதுதான்.

ஆனால் சிஎல் 72-ம் ரோட்டு வண்டிக்கு வேஷம் கட்டியதுதான். உண்மையிலேயே இரண்டுக்கும் என்று யோசித்துச் செய்து, பெருவாரியாக விற்ற முதல் வண்டி 1968-ல் வந்த யமஹா டிடி-1. 246 சிசி, ஒற்றைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். எடை குறைவு, உயரமான சஸ்பென்ஷன், எல்லா விளக்கும் உண்டு. காலையில் வேலைக்குப் போகலாம், சாயங்காலம் மலைக்குப் போகலாம். ட்ரயம்ஃபோடு ஒப்பிட்டால் சிட்டுக்குருவி. அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. மற்ற ஜப்பானியக் கம்பெனிகளும் ஓட்டமாக ஓடி வந்து இதே மாதிரி செய்தன. 1971-ல் 'ஆன் எனி சண்டே' என்ற ஆவணப்படம் வந்து மோட்டார் சைக்கிள் மோகத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

டிடி-1-க்கு ஒரு பிரச்னை இருந்தது. புகை. நம்மூர் ஆர்எக்ஸ் 100 பின்னால் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சைலன்சர் வழியாக வெளியே போகும். அமெரிக்காவில் 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. முதலில் கார்கள். மோட்டார் சைக்கிளுக்கான மாசு வரம்பு 1978 மாடல்களிலிருந்து அமலுக்கு வந்தது. அது வரப்போகிறது என்று கம்பெனிகளுக்கு முன்பே தெரியும். சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இனி ரொம்ப நாள் தாங்காது என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது.

ஹோண்டா எப்போதுமே ஃபோர்-ஸ்ட்ரோக் கட்சி. 1972-ல் எக்ஸ்எல் 250 வந்தது. ஒற்றைச் சிலிண்டர், அதற்கு நான்கு வால்வு. அன்றைக்கு ரோட்டில் விற்ற வண்டியில் நான்கு வால்வு என்பது பெரிய விஷயம். யமஹாவோ அப்போது டூ-ஸ்ட்ரோக்கில் மூழ்கிக்கிடந்த கம்பெனி. பெரிய ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் அது செய்ததே இல்லை. இன்னொரு பக்கம் பிரிட்டனில் பிஎஸ்ஏ மாதிரி கம்பெனிகள் அந்த வருஷங்களில் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. அவர்களின் கனமான 'டப் டப்' ஒற்றைச் சிலிண்டருக்குப் பழகிய அமெரிக்க ரசிகர்கள் அநாதையாக நின்றார்கள். இந்தக் காலி இடத்துக்குத்தான் எக்ஸ்டி 500 வந்தது.

1975-ல் காட்டினார்கள், 1976 மாடலாக விற்பனை. 499 சிசி. பிஸ்டன் விட்டம் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84. நம் ஆர்எக்ஸ் 100-ன் பிஸ்டன் 50 மில்லிமீட்டர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த 87-ஐப் பாருங்கள். ஒரு டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு. அந்தச் சொம்பு ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய் வருகிறது. ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், இரண்டே வால்வு, ஒரு கார்புரேட்டர், ஒரு பிளக். எஞ்சின் ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது, சேஸிஸின் குழாய்க்குள்ளேயே ஊற்றி வைத்துவிட்டார்கள். எடையும் மிச்சம், இடமும் மிச்சம், காற்றுப் பட்டு ஆயில் குளிரவும் செய்யும். சும்மா சொல்லக்கூடாது, புத்திசாலித்தனமான வேலை.

செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. கிக்கர் மட்டும்தான். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எக்ஸ்டி 500-ன் பாதிப் புகழ் அந்தக் கிக்கரில்தான் இருக்கிறது. பழைய புல்லட் வைத்திருக்கும் சித்தப்பா, மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இது சட்டென்று புரியும். பெரிய பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து மிதிக்க மனிதனின் கால் பலம் போதாது. அதனால் ஒரு லீவர் வைத்து எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியே விடுவார்கள். டீகம்ப்ரஷன் லீவர். பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டியதும் லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே மிதி. புல்லட்காரர்கள் அந்த இடத்தை ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். எக்ஸ்டி 500-ல் யமஹாக்காரர்கள் சிலிண்டர் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலே வைத்துவிட்டார்கள். அதில் வெள்ளி நிறக் குறி தெரிந்தால் பிஸ்டன் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

குறி தெரிவதற்கு முன்பே அவசரப்பட்டு அரைகுறையாக மிதித்தால்? பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே பிளக் பொறி விடும். எஞ்சின் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். கிக்கர் திரும்பி வந்து உங்கள் கணுக்காலை விசாரிக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகாதே, பாதியில் நிறுத்தாதே, கோபப்படாதே என்று மூன்று விதிகள் இந்த வண்டி ஓட்டுபவர்களிடம் உண்டு. மூன்றாவதுதான் கஷ்டம்.

இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு லாபம் இருந்தது. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சினே சுற்றிச் சுற்றித் தயாரித்துக்கொள்ளும், பேட்டரியை நம்பி இல்லை. பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்பும். விளக்குதான் மங்கும். அது 6 வோல்ட் என்பதால் முன்பும் அப்படி ஒன்றும் பிரகாசம் இல்லை. :-) எஞ்சினின் அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட்டும் கிடையாது. அதனால் ஓட ஓட நட்டுகள் தளரும், பல்பு இழை அறுந்துபோகும். எக்ஸ்டி ஓனர் என்றால் ஸ்பேனரோடு போவார், போகிற இடமெல்லாம் எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பார். ரொம்ப நாள் நின்ற வண்டியில் சேஸிஸ் குழாயில் இருக்கும் ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விஷயம் தெரியாதவர் அளவுகோலை விட்டுப் பார்த்து, ஆயில் குறைகிறதே என்று மேலும் ஊற்றிவிடுவார். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுப் பிறகுதான் பார்க்க வேண்டும். இது மாதிரிச் சின்னச் சின்ன ஞானம் கைமாறிக் கைமாறித்தான் வரும்.

அமெரிக்காவுக்காகச் செய்த வண்டி இது. ஆனால் அதைக் கொண்டாடியது ஐரோப்பா, முக்கியமாக பிரான்ஸ். அங்கே யமஹாவை இறக்குமதி செய்த சோனோட்டோ நிறுவனத்தின் ஜான்-க்ளோட் ஒலிவியே வெறும் வியாபாரி இல்லை, தானே பாலைவனத்தில் ஓட்டுகிற ஆள். ஆப்பிரிக்காவின் முன்னாள் பிரெஞ்சுக் காலனிகளுக்குள் நீண்ட ஓட்டம் போவது அப்போது பிரான்ஸில் ஒரு மோகம். ஐவரி கோஸ்ட்டின் அபிட்ஜானிலிருந்து பிரான்ஸின் நீஸ் வரை ஒரு ராலி நடந்தது. 1977 ஜனவரியில் அதில் ஓட்டிய தியெரி சபீன் என்பவர் லிபியாவின் பாலைவனத்தில் தனியாக வழி தவறினார். அவர் ஓட்டியதும் எக்ஸ்டி 500 தான். தண்ணீர் இல்லாமல் சாகும் தறுவாயில் ஒரு விமானம் அவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றியது.

நாமாக இருந்தால் வீட்டுக்கு வந்து குலசாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மணல் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். சபீன் திரும்பி வந்து, இதே பாலைவனத்தில் எல்லோரையும் ஓட்டவிட்டால் என்ன என்று யோசித்தார். 1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரிஸின் ட்ரோகாடெரோவிலிருந்து 182 வாகனங்கள் கிளம்பின. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் கலந்து. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி செனகலின் டாக்கரைச் சேர்ந்தவை 74. மொத்தத்தில் முதலிடம் சிரில் நெவூ என்ற 22 வயதுப் பையனின் எக்ஸ்டி 500-க்கு. இரண்டாவதும் எக்ஸ்டி 500. மூன்றாவது ஹோண்டா எக்ஸ்எல் 250 எஸ். காரெல்லாம் பின்னால்தான். அடுத்த வருஷமும் மோட்டார் சைக்கிள் பிரிவில் நெவூதான், எக்ஸ்டி 500-ல்தான்.

கடைக்குப் போய் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய வண்டி, கொஞ்சம் பெரிய டேங்க் மாட்டி சஹாராவைத் தாண்டியது என்பதுதான் இதில் விசேஷம். அடுத்த நாளே அதே வண்டியை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தலாம். யமஹாவுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? 1983-ல் எக்ஸ்டி 600 இஸட் வந்தது. சுமார் 30 லிட்டர் டேங்க், நான்கு வால்வு, 'டெனெரே' என்று பெயர். நைஜரில் இருக்கும், ராலி கடந்து போன அந்தப் பாலைவனத்தின் பெயர்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் ராலியிலேயே அகாடெஸ் அருகே மோட்டார் சைக்கிள் ஓட்டி ஒருவர் விழுந்து இறந்தார். பிறகு வந்த வருஷங்களில் ஓட்டிகளும், வழியோரம் நின்ற கிராமத்து ஜனங்களும், குழந்தைகளும் இறந்தார்கள். சபீனே 1986 ஜனவரியில் மாலி நாட்டில் ராலியின்போது ஹெலிகாப்டர் விபத்தில் போனார். டாக்கர் கதையைச் சாகசமாக மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. புழுதி கிளப்பியவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், அந்தக் கிராமங்கள் அங்கேயேதான் இருந்தன.

ஒற்றைச் சிலிண்டரின் ராஜாங்கமும் அங்கே ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1981-ல் பிஎம்டபிள்யூவின் இரண்டு சிலிண்டர் ஜி/எஸ் ஜெயித்தது. 82-ல் நெவூ ஹோண்டா எக்ஸ்ஆர் 500-ல் ஒற்றைச் சிலிண்டருக்காக ஒருமுறை மீட்டார். அதற்குப் பிறகு திறந்த மணல்வெளியில் வேகம்தான் எல்லாம் என்று ஆனது, இரட்டைச் சிலிண்டர்கள் பல வருஷம் ஆண்டன. சுஸுகி மட்டும் பிடிவாதமாக ஒரே சிலிண்டரில் 779 சிசி வரை போய்ப் பார்த்தது, 1990-ல் டிஆர் 800. ஒரே பிஸ்டனில் அவ்வளவு! பெரிய ரேஸ் இயந்திரங்கள் ஆபத்தான வேகத்துக்குப் போனதால் விதிகள் இறுகி, 2011 முதல் டாக்கரில் 450 சிசிதான் எல்லை. மறுபடி எல்லாமே ஒற்றைச் சிலிண்டர். ஆனால் அவை முழுக்க முழுக்க ரேஸ் வண்டிகள், வாசலில் நிறுத்தும் ரகம் இல்லை.

வாசலில் நிறுத்தும் ரகத்தின் கதை கவாஸாகியிடம் போகிறது. எனக்கு எக்ஸ்டி 500-ஐவிட இந்த அத்தியாயம்தான் பிடிக்கும். 1987-ல் கேஎல்ஆர் 650 வந்தது. 651 சிசி, தண்ணீரால் குளிரூட்டும் எஞ்சின், 23 லிட்டர் டேங்க், செல்ஃப் ஸ்டார்ட் மட்டும். சீட் உயரம் 89 சென்டிமீட்டர், அதாவது நம்மில் பலர் சிக்னலில் ஒற்றைக் காலைக் கட்டைவிரல் நுனியில் ஊன்றி பரதநாட்டியம் ஆட வேண்டியதுதான். எதிலுமே முதல் மார்க் வாங்காத வண்டி. ரோட்டில் ரோட்டு வண்டியைவிடச் சுமார், மண்ணில் மண் வண்டியைவிடக் கனம். எல்லாப் பாடத்திலும் ஐம்பத்தைந்து எடுத்து பாஸாகிற மாணவன் மாதிரி. அப்படிப்பட்ட மாணவன் 2007 வரை, இருபது வருஷம், ஏறக்குறைய அதே சட்டை போட்டுக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

ஏன் மாற்றவில்லை? கவாஸாகிக்கு எளிமைத் தத்துவத்தில் நம்பிக்கை என்று பக்தர்கள் சொல்லலாம். அச்சும் அச்சுக்கான செலவும் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், போட்டியைவிட விலை குறைத்து விற்க முடிந்தது, வாங்குபவர்களும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்பதே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது. இதற்கு நல்ல சாட்சி 'டூஹிக்கி'.

எக்ஸ்டி 500-ல் அதிர்வை அடக்க ஒன்றும் இல்லை என்றேன் அல்லவா? கேஎல்ஆரில் அதற்காக இரண்டு பேலன்சர் ஷாஃப்ட் வைத்தார்கள். பிஸ்டன் மேலே போகும்போது எதிர்ப்பக்கம் எடை சுற்றி அதிர்வைத் தின்றுவிடும். நல்ல மருந்து. அந்த ஷாஃப்ட்டுகளைச் சுழற்ற எஞ்சினுக்குள் ஒரு செயின். செயின் தேயத் தேயத் தளரும், அதை இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன லீவரும் ஒரு ஸ்பிரிங்கும். ஓனர் அவ்வப்போது வெளியே இருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தி முடுக்கினால் ஸ்பிரிங் லீவரை இழுத்துச் செயினை இறுக்கும். ஏட்டில் சரி. நடைமுறையில் அந்த லீவர் விரிசல் விட்டது, ஸ்பிரிங் அறுந்தது. அறுந்தது தெரியாமல் ஓனர் போல்ட்டைத் தளர்த்தி முடுக்கிக்கொண்டிருப்பார், உள்ளே ஒன்றும் நடக்காது. உடைந்த துண்டு எஞ்சினுக்குள் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி பல வருஷம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஓனர்கள் அந்த லீவருக்கு 'டூஹிக்கி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நம்மூர் மொழியில் 'அந்த இது' என்று சொல்லலாம். பிறகு அவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் நல்ல எஃகில் அந்த லீவரைத் தாங்களே செய்து மற்றவர்களுக்கு விற்றார்கள். மாற்றுவதற்கான படிப்படிக் குறிப்புகளை எழுதினார்கள், கூட்டம் கூட்டமாக ஒரு கராஜில் கூடி ஒருவர் வண்டியை ஒருவர் திறந்து மாற்றிக்கொண்டார்கள். பழைய கேஎல்ஆர் விற்பனைக்கு வந்தால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியே 'டூஹிக்கி மாற்றியாச்சா?' என்பதுதான். 2008-ல் வண்டியைப் புதுப்பித்தபோது கவாஸாகியும் அந்த லீவரை மாற்றியது.

இது ஒன்று மட்டுமில்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தாங்கும் போல்ட்டுகள் அதிகச் சுமையில் உடையும், அவற்றைக் கனமாக்க ஒரு வைத்தியம். கார்புரேட்டரில் பெட்ரோல் கலவை மெலிவாக இருக்கும், ஊசிக்கு அடியில் இரண்டு குட்டி வாஷர் போட்டால் சரியாகிவிடும். அந்த வாஷர்களின் விலையை வைத்து அதற்கு '22 சென்ட் வைத்தியம்' என்றே பெயர். பின்னால் சாமான் வைக்க பால் பாக்கெட் கிரேட்டைக் கட்டிக்கொள்வார்கள். அமெரிக்க மரைன் படைக்கு இதே வண்டியை ஹேஸ் டைவர்சிஃபைட் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் டீசல் வண்டியாக மாற்றிக் கொடுத்தது. போர்க்களத்தில் எல்லா வாகனமும் ஜேபி-8 என்ற ஒரே எரிபொருளில் ஓட வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கு என்று தனியாகப் பெட்ரோல் சுமக்க முடியாது என்பதுதான் காரணம்.

இப்போது அந்த 'எளிமை'க்கு வருவோம். கேஎல்ஆர் நம்பகமான வண்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். கம்பெனி கொடுத்தபடியே இருந்த வண்டியா நம்பகமானது? ஓனர்கள் இருபது வருஷம் கூடிக் கூடித் திருத்திய வண்டிதானே நம்பகமானது? வேலையில் ஒரு பகுதியை கம்பெனி செய்யாமல் விட்டது, வாங்கியவர்கள் கூலி வாங்காமல் செய்து முடித்தார்கள். பெயர் மட்டும் டேங்கில் ஒட்டியிருப்பவருக்குப் போனது. இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. அவர்களால் திருத்த முடிந்ததற்குக் காரணம் அந்த வண்டி திறக்க விட்டது. சாதாரண ஸ்பேனர் செட், ஒரு சர்வீஸ் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். இன்றைய வண்டி அதைவிட மாசு குறைவு, மைலேஜ் அதிகம், பிரேக் பத்திரம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சென்சார் போனால் லேப்டாப் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். அவர் சொல்வதை நம்ப வேண்டும்.

கவாஸாகி 2018-ஓடு கேஎல்ஆரை நிறுத்தியது. 2022 மாடலாகத் திரும்பக் கொண்டுவந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்திருந்தது. அதோடு 22 சென்ட் வைத்தியமும் போனது.

இந்தியாவில் இந்த ரகம் ரொம்பத் தாமதம். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் என்று 150 சிசியில் ஒன்று வந்து, யாரும் சரியாகக் கண்டுகொள்ளாமல் போய்ச் சேர்ந்தது. நம் ரோடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ரகம் வேறு எது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு, 411 சிசி ஒற்றைச் சிலிண்டரில் ஹிமாலயன் கொண்டுவந்தது. பெயர் இமயமலை, செய்தது சென்னைக்குப் பக்கத்தில். சீட் உயரம் 80 சென்டிமீட்டர், கால் ஊன்றலாம். 2023-ல் அதன் இடத்துக்குத் தண்ணீரால் குளிரும் 452 சிசி எஞ்சினோடு புது வண்டி வந்தாயிற்று. ஆக, பழைய 411-ம் இனி 'பழைய வண்டி' வரிசையில் சேர்ந்துவிட்டது. லடாக் போய் வந்த சீனியர்கள் கைமாற்றி விற்கும் 411-களை எங்கள் காலேஜ் பார்க்கிங்கிலேயே பார்க்கிறேன். எந்த போல்ட் தளரும், எதை முதலில் மாற்ற வேண்டும் என்ற பேச்சும் கூடவே கைமாறுகிறது.

எக்ஸ்டி 500 ஐரோப்பாவில் 1989 வரை விற்றது. அதன் எஞ்சினிலிருந்து 1978-ல் பிறந்த ரோட்டு வண்டிகள் எஸ்ஆர் 500-ம் எஸ்ஆர் 400-ம். இதில் 400-ஐ ஜப்பானில் 2021 வரை செய்தார்கள். நடுவில் மாசுச் சட்டத்துக்காக ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. செல்ஃப் ஸ்டார்ட் மட்டும் கடைசி வரை வரவே இல்லை. 2021-ல் ஷோரூமிலிருந்து புத்தம்புதிதாக எடுத்தவரும் லீவரைப் பிடித்து, சின்ன ஜன்னலில் குறி தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு மிதி மிதித்துத்தான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.